கல்வெட்டும் பூட்டிய கோப்பும்

‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்பது தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் தொடர். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பையும் கட்ட வேண்டும். புரிந்துணர்வு என்றால் கட்டாது. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இத்தகைய தொடரைக் கண்டால் கை சும்மா இராது. ஆனால் இங்கே சிக்கல் இலக்கணத்தோடு நிற்கவில்லை. உலக முதலீட்டாளர்கள் மாநாடுகளில் 2015இல் 2.42 லட்சம் கோடி ரூபாய், 2019இல் 3 லட்சம் கோடி, 2024இல் 6.64 லட்சம் கோடி என்று அறிவிக்கப்பட்ட தொகைகள் யாவும் இத்தொடரின் நிழலில் நிற்பவை. செய்தித்தாள் வாசகர் பின்பாதியைப் படித்து மகிழ்கிறார். சட்டமோ முன்பாதியை மட்டுமே படிக்கிறது.

முதலீட்டை வரவேற்பதற்கென்றே அரசு அமைப்புகள் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. டிட்கோ 1965இலும் சிப்காட் 1971இலும் தோன்றின. தாராளமயமாக்கலுக்குப் பின், 1992இல், அந்நிய முதலீட்டாளர்களின் கைபிடித்து அழைத்துவர வழிகாட்டி நிறுவனம் அமைக்கப்பட்டது. இன்று அதனைக் ‘கைடன்ஸ்’ என்றே அழைக்கிறோம். நிலம், நீர், மின்சாரம், அனுமதி என ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டிய அலைச்சலை இவ்வமைப்புகள் குறைத்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் கார் ஆலைகள் எழுந்ததில் இவற்றின் உழைப்பு உண்டு.

எனினும் இவை செய்வது தூதுப் பணி என்பதை மறந்துவிடுகிறோம். நம் தூது இலக்கியங்களில் தூது செல்லும் கிளியோ நெஞ்சோ தலைவனின் குறைகளை எடுத்துரைப்பதில்லை. புகழ்ந்து, இசைவு பெற்று, மாலை வாங்கி வருவதே அதன் வேலை. வாங்கிவந்த மாலை வாடிற்றா இல்லையா என்ற தீர்ப்பையும் அந்தத் தூதிடமே விட்டுவிட்டால் என்னவாகும்? முதலீட்டை ஈர்க்கும் அமைப்பும் அதன் வெற்றியைக் கணக்கிட்டுச் சொல்லும் அமைப்பும் ஒன்றாகவே இருக்கும் வரை, மாநாட்டு மேடையின் எண்களே நமக்குக் கிடைக்கும். தொழிற்சாலை வாசலின் எண்கள் கிடைக்கமாட்டா.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2005இல் அரசுடன் கையொப்பம், 2006இல் உற்பத்தி. உச்சத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் அங்கு நேரடியாக வேலை பார்த்தனர். பெரும்பகுதியினர் இருபதுகளில் இருந்தவர்கள், பெண்கள் மிகுதி, வீட்டின் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தவர்கள் பலர். 2013இல் மத்திய வருமான வரித்துறையோடு வழக்கு மூண்டது. 2014 மார்ச்சில் மாநில வணிகவரித் துறை 2,400 கோடி ரூபாய் கேட்டது. அடுத்த மாதம் நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறியபோது, வரிச் சிக்கலில் கிடந்த இவ்வாலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே பல்லாயிரவர் ‘விருப்ப ஓய்வு’ பெற்றிருந்தனர். இருபத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு! அகராதிக்காரர்கள் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆலை மூடியதற்கு அழைத்துவந்த அமைப்பைக் குறை சொல்வது நேர்மையன்று. உலகச் சந்தை தொடுதிரைக் கைப்பேசிக்கு மாறியது, வரி வழக்கு, நிறுவனத்தின் விற்பனை என்று காரணங்கள் பல. என் கேள்வி வேறு. இந்த ஆலைக்கு நிலச் சலுகையும் மதிப்புக் கூட்டு வரியில் சலுகையும் தந்தோம். அவற்றின் விவரங்களைப் பொதுமக்கள் அறிந்தது பின்னாளில், தகவல் உரிமைச் சட்டத்தின் துணையோடும் தணிக்கை அறிக்கைகளின் வழியாகவும்தான். எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இடையில் சென்றால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்பதைக் கையொப்பமிட்ட நாளிலேயே ஊர் அறிந்திருந்தால், 2014இல் அந்தப் பெண்களின் கையில் கேட்பதற்கு ஒரு தாளாவது இருந்திருக்கும்.

விதிகளை வெளிப்படையாகச் சொன்னால் வணிகர் வரமாட்டார் என்பது அதிகாரிகளின் வழக்கமான விடை. நம் கடற்கரை வரலாறு அப்படிச் சொல்லவில்லை. புகாரில் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட காட்சியைப் பட்டினப்பாலை படித்தவர்கள் அறிவர். அங்கே வரி வாங்குவது துறைமுகத்தின் பெருமையாகவே பாடப்பட்டது. இன்னும் பொருத்தமான சான்று ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில் உள்ளது. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு கல்வெட்டைப் பொறித்தான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னிருந்த மன்னர்கள் பறித்துக்கொண்டனர். இனி அவ்வாறு நடவாது, வழக்கமான சுங்கம் மட்டுமே கொள்ளப்படும் என்று கடல் வணிகர்களுக்கு அபயம் அளித்தான். கற்பூரம், சந்தனம், முத்து எனப் பண்டங்களுக்கான சுங்க வீதமும் அதிலேயே உண்டு. அந்நிய வணிகரை ஈர்க்கும் ஆவணம்தான் அது. ஆனால் துறைமுகத்துக்கு வருவோர் போவோரெல்லாம் காணக் கல்லில் நின்றது. இன்றோ பொதுவான தொழிற்கொள்கை அச்சில் கிடைக்கிறது. மிகப் பெரிய முதலீடுகளுக்கென்று தனியே வகுக்கப்படும் சலுகைத் தொகுப்பை முழுதாக வெளியிடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

வெளியிட்டால் அண்டை மாநிலம் கூடுதலாகத் தந்து தட்டிக்கொண்டு போகும் என்பார்கள். நாம் தருவதாகச் சொன்னதை அண்டை மாநிலத்துக்குச் சொல்லிப் பேரம் பேச அந்நிறுவனம் மறப்பதில்லை. அறியாமல் இருப்பவர்கள் வரி கட்டும் நாம் மட்டுமே. பேரத்தின் போது இரகசியம் வேண்டுமென்றால் இருக்கட்டும். கையொப்பம் ஆன பிறகு எதற்கு?

திருப்பெரும்புதூரில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தரும் பாக்ஸ்கான் நிறுவனமே அமெரிக்காவில் இதற்கு ஒரு பாடம் ஆயிற்று. 2017இல் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலைகள் என்று அறிவித்தது. மாநிலமும் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகைக்கு உடன்பட்டது. ஒப்பந்தம் பொதுவில் இருந்தது. இத்தனை பேரை அமர்த்தினால்தான் சலுகை என்று ஆண்டுக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆட்கள் சேரவில்லை. 2020இல் அம்மாநில வளர்ச்சிக் கழகம் வரிச்சலுகையை மறுத்தது. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு 1,454 வேலைகளாகவும் அதிகபட்சம் 8 கோடி டாலர் சலுகையாகவும் சுருங்கியது. ஊர்மக்கள் நிலத்தை இழந்தார்கள், சாலைக்கும் குழாய்க்கும் பொதுப்பணம் போனது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பெருந்தொகை கருவூலத்திலேயே தங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈர்ப்பு என்றால் வரியைக் குறைப்பது மட்டுமன்று. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காகப் பாக்ஸ்கான் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. ஆலை போனாலும் கட்டடம் இங்கேதான் இருக்கும். இத்தகைய செலவை யாரும் மறைத்துவைக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள்.

தொழில்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. படங்களும் வாழ்த்துகளும் அதில் போதிய அளவு உண்டு. அதன் பின்னிணைப்பாக ஓர் அட்டவணையைச் சேர்க்கலாம்: நிறுவனத்தின் பெயர், தந்த நிலமும் விலையும், விட்டுக்கொடுத்த வரி, சொன்ன வேலைகள், மார்ச் 31 அன்று வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள தொழிலாளர் எண்ணிக்கை. விலகிச் சென்றவர்களின் பெயர்களையும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.