கையறு கல்வி

துக்க வீடுகளைப் பங்குப் பணியாளர்கள் நன்கு அறிவார்கள். அடக்கச் சடங்கு முடிந்து, முப்பதாம் நாள் திருப்பலியும் நிறைவேறி, உறவினர் எல்லாரும் விடைபெற்றுச் சென்ற பின்னரே உண்மையான துயரம் அவ்வீட்டினுள் வந்து அமர்கிறது. அத்தகைய வீடுகளில் இருவகையை நாம் ஊர்தோறும் கண்டிருக்கிறோம். ஒன்றில் மனைவியை இழந்த முதியவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளைக் கட்டி ஆண்டவர். அடுப்பைப் பற்றவைத்து ஒரு குவளைத் தேநீர் போட்டுக்கொள்ள அறியாதவர். மற்றொன்றில் கணவனை இழந்த தாய் இருக்கிறார். நூறு பேருக்குச் சலிக்காமல் சமைக்கக்கூடியவர். தம் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் படிவத்தை நிரப்ப அறியாதவர். அவர் பசிக்கு மருமகளின் முகத்தைப் பார்க்கிறார். இவர் தமக்குரிய பணத்துக்கு மகனின் கையைப் பார்க்கிறார்.

தலைவனை இழந்தோர் செயலற்று வருந்துவதைக் 'கையறுநிலை' என்று நம் இலக்கண ஆசிரியர்கள் பெயரிட்டார்கள். இழப்பைத் தடுக்க மனிதரால் இயலாது. ஆனால், நாம் மேலே சொன்ன கையறுநிலை மரணம் கொண்டுவந்து சேர்த்ததன்று. பல ஆண்டுகளாக நம் வீடுகளில் நாமே பாலூற்றி வளர்த்தது. இதுவே நமது குற்றச்சாட்டு.

எப்படி வளர்த்தோம்? "நீ படி, அதுபோதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மகனிடம் சொல்லி வளர்த்தோம். அவன் உண்ட தட்டை அவன் கழுவினால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று அஞ்சினோம். "உனக்கு எதற்கு அதெல்லாம்?" என்று மகளிடம் சொல்லி வளர்த்தோம். மின்விளக்கு அணைந்தால் தம்பியைக் கூப்பிடவும், வங்கிக்குப் போக வேண்டுமானால் அப்பாவுக்காகக் காத்திருக்கவும் அவளைப் பழக்கினோம். இப்படிப் பாதி வாழ்க்கையை மட்டும் அறிந்த ஆணையும், மீதிப் பாதியை மட்டும் அறிந்த பெண்ணையும் உருவாக்கிவிட்டு, அதற்குக் குடும்பப் பாங்கு என்று பெயரும் சூட்டினோம்.

குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் கற்றோம். பங்கு இல்லத்தில் சமையல் செய்யும் அம்மா ஒருமுறை தம் ஊர்த் திருவிழாவுக்குச் சென்றபோது, மூன்று நாள்களை ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டே கடத்தினோம். மூவொரு இறைவனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, ஒரு பிடி அரிசிக்கு எவ்வளவு நீர் வைப்பது என்று தெரியவில்லை. அன்று அதைச் சிரித்துக் கழித்தோம். இன்று வெட்கப்படுகிறோம்.

"காசு கொடுத்தால் ஆள் வருவான்" என்பது முதல் மறுப்பு. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. உணவு விடுதியை நம்பி நகரங்களில் தங்கியிருந்த நம் இளைஞர்கள் எத்தனை பேர், பையில் பணம் இருந்தும் ஒருவேளைச் சோற்றுக்குத் தவித்தார்கள்! நள்ளிரவில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் எந்த ஆள் வருவான்? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தெரிந்த கை அவ்வீட்டில் இருக்க வேண்டாமா? 1971-இல், வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பிவைத்தார். நோயாளிகளுக்கு அதைப் புகட்டியவர்கள் உடனிருந்த உறவினர்களே. நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே உயிர் காத்தவை பட்டம் பெறாத சாதாரணக் கைகள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதை நாம் மதிக்கிறோம். "கைவேலை கற்றுக்கொடுப்பது எங்களைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பும் தந்திரம் அல்லவா?" என்று கேட்கும் உரிமை இம்மண்ணில் பலருக்கு உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது குலக்கல்வி என்று தமிழகம் கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே. தச்சரின் மகனுக்கு உளியும் சலவைத் தொழிலாளியின் மகனுக்குத் துறையும் என்று ஒதுக்குவது கல்வியன்று, விலங்கு.

ஆனால், நாம் கேட்பது அதற்கு நேர் எதிரானது. எவருடைய பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், தன் துணியைத் தானே துவைக்கட்டும். தன் கழிப்பறையைத் தானே கழுவட்டும். சாதி என்பது என்ன? நம் அழுக்கைச் சுமக்க வேறொருவர் பிறந்திருக்கிறார் என்ற எண்ணம்தானே! அந்த எண்ணத்தை மேடைப் பேச்சு மட்டும் அசைத்துவிடாது. துடைப்பத்தைக் கையில் எடுத்த பிள்ளை அதை அசைப்பான்.

நாசரேத்து ஊரார் ஆண்டவரைத் தச்சர் என்று ஏளனமாகச் சுட்டியதை மாற்கு மறைக்காமல் எழுதிவைத்தார். பவுலடியார் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு ஒழுங்கு வகுத்தபோது, சமையலறைப் பணியை வாரமுறை வைத்துப் பங்கிட்டார். நோயுற்றோரும் இன்றியமையாத அலுவல் உள்ளோரும் தவிர எவருக்கும் அதில் விலக்கில்லை. இவர்களைப் பீடத்தில் வைத்து மாலை சூட்டும் நாம், நம் பிள்ளையின் கையில் சுத்தியலைக் கண்டால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

எனவே ஒரு வேண்டுகோள். விடுமுறை மறைக்கல்வி நாள்களில், நாள்தோறும் ஒரு மணி நேரத்தைக் கைகளுக்கென ஒதுக்குவோம். உறுதிபூசுதல் பெறும் வயதுக்குள் நம் பங்கின் ஒவ்வொரு சிறுவனும் குடும்பத்துக்கு ஒருவேளை உணவு சமைக்கவும், பொத்தான் தைக்கவும், நோயாளியின் படுக்கையை மாற்றவும் கற்கட்டும். ஒவ்வொரு சிறுமியும் மின் இணைப்பைத் துண்டிக்கவும், ஒழுகும் குழாய்க்கு வாசர் மாற்றவும், வங்கிப் படிவம் நிரப்பவும், நீந்தவும் கற்கட்டும். பின்னர் இரு பட்டியல்களையும் மாற்றிக்கொள்ளட்டும். கற்பிக்க வல்லுநர்களைத் தேடி அலைய வேண்டாம். நம் பங்கிலேயே கொத்தனார், மின்பணியாளர், செவிலியர், தையல்காரர் இருக்கிறார்கள். கோயிலின் கடைசி வரிசையில் நிற்கும் அவர்களை ஒருநாளேனும் 'ஆசிரியர்' என்று அழைப்போம்.

தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்து முடித்த சிறுவனின் முகத்தைப் பாருங்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் தராத மலர்ச்சி அதில் இருக்கும். "என்னால் முடியும்" என்பதை அவன் விரல்கள் அறிந்துகொண்டன. அந்த அறிவு முதுமையிலும் தனிமையிலும் அவனைக் கைவிடாது.

பிள்ளைகளுக்கு வீடும் நகையும் சேர்த்துவைக்கப் பாடுபடும் பெற்றோரே, அவற்றோடு இதையும் சேர்த்துவையுங்கள். இன்றிரவு உணவு முடிந்ததும், உங்கள் மகன் தன் தட்டைத் தானே எடுத்துச் செல்லட்டும். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.