முன்கணிப்பு யாருக்காக?

கை நடுக்கத்தால் ஒரு குவளைத் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் பருக இயலாத பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு, ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை ஓரளவு இயல்பு வாழ்க்கையை மீட்டுத் தந்திருக்கிறது. மூளையின் உட்பகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, மார்புத் தோலுக்கடியில் வைக்கப்படும் சிறு கருவியிலிருந்து மின்துடிப்புகளைச் செலுத்துவதே இம்முறை. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் அலிம் லூயி பெனாபிட் குழுவினர் 1987-இல் முன்னெடுத்த இச்சிகிச்சையை, பார்க்கின்சன் நோய்க்குப் பயன்படுத்த அமெரிக்கா 2002-இல் ஒப்புதல் அளித்தது.

பலன் பெரிது, ஆனால், ஆபத்தும் உண்டு. மூளையில் ரத்தக் கசிவு, கருவி பொருத்திய இடத்தில் நோய்த்தொற்று, கம்பி முறிவு, பேச்சுக் குழறல், மனநிலை மாற்றம் ஆகியவை சிலருக்கு நேர்கின்றன. வயது, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்ற விவரங்களைக் கொண்டு, யாருக்குச் சிக்கல் நேரக்கூடும் என்பதைக் கணினி வழியே முன்னறியும் ஆய்வுகள் இப்போது நடைபெற்று வருகின்றன. வரவேற்கத்தக்க இம்முயற்சியில் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, 'துல்லியம்' என்ற சொல் தரும் மயக்கம். நூறு பேரில் மூவருக்குச் சிக்கல் நேரும் எனக் கொள்வோம். 'எவருக்கும் சிக்கல் வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்பும் 97 விழுக்காடு சரியாகவே இருக்கும். ஆனால், காக்கப்பட வேண்டிய மூவரில் ஒருவரைக்கூட அது அடையாளம் காட்டாது. அந்த மூவரில் எத்தனை பேரைக் கண்டறிந்தது, மற்றவர்களில் எத்தனை பேரை வீணாக அச்சுறுத்தியது என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இரண்டாவது, கணிப்பை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது. இதற்கு இதய மருத்துவத்தில் ஒரு முன்னனுபவம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்கள், இதய அறுவை சிகிச்சையில் நிகழ்ந்த இறப்புகளை மருத்துவமனை, மருத்துவர் வாரியாக வெளியிடத் தொடங்கின. டேவிட் டிரானோவ் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்களின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு, அதன்பின் உடல்நிலை மேம்பட்டவர்களுக்கே அறுவை சிகிச்சை கூடுதலாகக் கிடைத்ததையும், நோய் முற்றியவர்கள் பாதிப்புக்குள்ளானதையும் எடுத்துக்காட்டியது. நற்பெயருக்கு அஞ்சியவர்கள் கடினமான நோயாளிகளைத் தவிர்த்தனர்.

இந்தியாவில், காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளுள் ஒன்றாக ஆழ்மூளைத் தூண்டலைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் சேர்த்தது. அவ்வாறு திறக்கப்பட்ட கதவை, 'ஆபத்து மிகுந்தவர்' என்ற முத்திரை அடைத்துவிடக் கூடாது.

ஒருவருக்கு ஆபத்து அதிகம் எனக் கணிப்பு சொன்னால், அறுவைக்கு முன்பே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பின்னர் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். குடும்பத்தாரிடம் உள்ளதை உள்ளபடி விளக்க வேண்டும். அதன் பிறகு எடுக்கும் முடிவு நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுப்பதாக இருக்கட்டும்.