பூஸ்டர் அப்புறம் பாஸ்... முதல்ல வயரைப் பாருங்க!

ரூம் கிடைச்சாச்சு. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஊர்லேர்ந்து டி.வி.யையும் பத்திரமா கொண்டுவந்து இறக்கியாச்சு. அப்புறம்தான் கவனிக்கிறீங்க... கேபிள் பாயிண்ட் ஹால்ல இருக்கு, உங்க ரூம்ல இல்லை! ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வேற. உடனே என்ன செய்வீங்க? நேரா கடைக்குப் போய், "அண்ணே, நல்லதா ஒரு பூஸ்டர் கொடுங்க"ன்னு கேட்பீங்க.

கொஞ்சம் பொறுங்க. பூஸ்டர் ஒரு மைக் செட் மாதிரி. பாடகர் நல்லா பாடினா ஊருக்கே கேட்கும். கரகரன்னு பாடினா, கரகரப்பும் ஊருக்கே கேட்கும்! வயர்ல வழியிலேயே கெட்டுப்போன சிக்னலை டி.வி. பக்கத்துல பூஸ்டர் வெச்சு ஏத்தினா, அதோட இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும். அந்தக் காலத்து டி.வி.யில சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியா வந்தாலும் படம் ஓடும். டிஜிட்டல்ல அந்தக் கருணை கிடையாது. கடைசிவரை பளிச்சுன்னு இருக்கும். ஒரு எல்லைக்குக் கீழே போனா கட்டம் கட்டமா உடைஞ்சு, திரை காலி!

அதனால முதல்ல ஒரு சோதனை. செட்டாப் பாக்ஸ் மெனுவுல சிக்னல் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி'ன்னு ரெண்டு கோடு காட்டும். பாக்ஸை ஹால் பாயிண்ட்லயே மாட்டி, ரெண்டையும் குறிச்சுக்கோங்க. அப்புறம் உங்க ரூம்ல மாட்டிப் பாருங்க. ஹால்லயே குவாலிட்டி மோசம்னா, அது கேபிள்காரர் வேலை; அவரைக் கூப்பிடுங்க. ஹால்ல நல்லா இருந்து ரூம்ல படுத்துட்டா, குற்றவாளி நடுவுல ஓடுற உங்க வயர்தான்.

வயர் வாங்கும்போது ஆர்.ஜி-6னு கேட்டு வாங்குங்க. மெலிசா இருக்கும் ஆர்.ஜி-59 விலை கம்மிதான். ஆனா நீளம் கூடக்கூட அதுல சிக்னல் அதிகமா வீணாகும். நடுவுல ரெண்டு துண்டை முறுக்கி செல்லோடேப் ஒட்டுற கைவேலை வேண்டவே வேண்டாம். ஒரே நீளமா, ரெண்டு முனையிலும் திருகு கனெக்டர் போட்டு இழுத்துடுங்க. ஹால்ல பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ரெண்டு வழி உள்ளதா இருக்கட்டும். ரெண்டா பிரிச்சா ஆளுக்குப் பாதியை விடக் கொஞ்சம் கம்மிதான் கிடைக்கும். "பின்னாடி உதவும்"னு நாலு வழி வாங்கினா, கால் பங்குகூட முழுசா வராது. காலியா கிடக்கிற ரெண்டு வாயும் பங்கு கேட்கும்! இவ்வளவுக்கும் பிறகு பூஸ்டர் தேவைன்னா, சிக்னல் நல்லா இருக்கிற ஹால் பக்கம் வைங்க. டி.வி. பக்கம் வேண்டாம்.

இன்னொரு விஷயம். பாக்ஸுக்கு முன்னாடி பிரிச்சா, உங்க ரூமுக்குத் தனி பாக்ஸ் வேணும்; சிக்னல் பூட்டியே வருது. அதுக்கு மாசம் எவ்வளவுன்னு கேபிள்காரர்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க. பாக்ஸுக்குப் பின்னாடி பிரிச்சா செலவு மிச்சம். ஆனா ஹால்ல எந்தச் சீரியலோ, உங்க ரூம்லயும் அதே மாமியார்தான்!

வயர் இழுக்கவே வழியில்லையா? மாச வாடகை இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கு. 2004 டிசம்பர்ல ஆரம்பிச்சது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குற செலவு ஒரு தடவைதான். கட்டணச் சேனல்கள் வராது; ஆனா மேட்ச் பிரியர்களுக்கு ஒரு லாபம் உண்டு. 2007-ல் வந்த சட்டப்படி, இந்தியா ஆடும் முக்கிய மேட்ச்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோட பகிர்ந்தாகணும். அதை தூர்தர்ஷனின் தரைவழியிலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் காட்டலாம்னு 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஐ.பி.எல். இந்தக் கணக்குல வராது.

டிஷ் வாங்குறதுக்கு முன்னாடி ஜன்னலை, பால்கனியைப் பாருங்க. செயற்கைக்கோள் கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில இருக்கு. சென்னையிலேர்ந்து பார்த்தா தென்கிழக்குத் திசை, தரையிலேர்ந்து சுமார் 68 டிகிரி உயரம். அந்தப் பக்கம் மாடி ஸ்லாபோ மரமோ மறைச்சா ஒண்ணும் வராது. மொட்டைமாடிதான் கதி, ஓனர்கிட்ட அனுமதி வாங்கிட்டு ஏறுங்க. பெருமழையில கொஞ்ச நேரம் படம் போனா டிஷ்ஷைத் திருப்பாதீங்க. மழைத்துளி அலையை விழுங்குது, அவ்வளவுதான்.

"வீட்டுக்குள்ளே வைங்க, நூத்துக்கணக்கான சேனல் இலவசம்"னு விக்கிற தட்டை ஆன்டெனாவுல ஏமாறாதீங்க. அது தரைவழி ஒளிபரப்பு நிறைய இருக்கிற நாடுகளுக்குச் சரி. இங்கே தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடியாச்சு.

ரூம்ல நல்ல நெட் இருந்தா வயரே வேண்டாம், ஸ்மார்ட் டி.வி. போதும். ஒரே குறை, நெட் வழி லைவ் கொஞ்சம் பின்தங்கும். பக்கத்து வீட்டுல 'ஓ...'ன்னு கத்தின பிறகுதான் உங்க டி.வி.யில பௌலர் ஓடியே வருவார்!

கடைசியா, விளையாட்டில்லாத விஷயம். மாடி விட்டு மாடி வயர் வீசும்போது மின்கம்பியைத் தாண்டி வீசாதீங்க; ஒரு உரசல் போதும், உயிர் போயிடும். கேபிள் முனையைத் தொட்டா சுருக்குனு ஷாக் அடிக்குதா? "லேசாத்தானே"ன்னு விடாதீங்க. எங்கேயோ கரண்ட் கசியுதுன்னு அர்த்தம். மறுபடி தொடாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இடி இடிக்க ஆரம்பிக்கும் முன்னாடியே டி.வி., பாக்ஸ் பிளக்கையும் கேபிளையும் கழட்டிடுங்க. இடி தொடங்கிட்டா கிட்டவே போகாதீங்க.

மேட்ச் போனா ஹைலைட்ஸ் பார்த்துக்கலாம் பாஸ். உயிருக்கு ஹைலைட்ஸ் கிடையாது!