பாதரட்சை மகாத்மியம்

இராமபிரானின் பாதுகைகள் 14 ஆண்டுகள் அரியாசனத்தில் வீற்றிருந்து ராஜ்யபாரம் செய்தன என்பது நேயர்கள் அறிந்த விஷயம். அந்தப் பாதுகைகளின் பெருமையை வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்களில் பாடி வைத்திருக்கிறார். இவ்வளவு கீர்த்தி வாய்ந்த வஸ்துவை நாம் வாசற்படிக்கு வெளியே தள்ளிவிட்டு மறந்து விடுகிறோம். மேனாட்டு யாத்திரை புறப்படும்போதுகூட அதன் ஞாபகம் நமக்குக் கடைசி நாளில்தான் வருகிறது.

மகன் லண்டனில் இருக்கிறான். பெண் பாரிஸில் இருக்கிறாள். வாழ்நாள் முழுதும் உழைத்த தாய் தந்தையர் அவர்களைப் பார்க்கவும், அப்படியே நாலு ஊர் சுற்றவும் கிளம்புகிறார்கள். இது இன்று பல குடும்பங்களில் நடக்கும் காரியம். பாஸ்போர்ட், விஸா, கம்பளிச் சட்டை, பருப்புப் பொடி, மாவடு எல்லாம் மாதக்கணக்கில் தயாராகின்றன. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் இரவு, "ஐயோ, ஜோடு?" என்று யாரோ கேட்கிறார்கள். கடை சாத்துகிற நேரத்தில் ஓடிப்போய்க் கண்ணுக்கு அழகான ஒன்றை வாங்கி வருகிறார்கள். பலன் என்ன? ரோமாபுரியின் கொலோசியத்தைத் தந்தையார் பார்க்கிறார். தாயாரோ தெருவோர பெஞ்சியில் அமர்ந்து, தம் குதிகாலைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

நம் ஊரில் வாசலுக்கே ஆட்டோ வந்து நிற்கும். அவ்விடத்துப் பழைய நகரங்களின் நடுப்பகுதிகளில் பல தெருக்கள் நடப்பவர்களுக்கே உரியவை. ரோமாபுரியிலும் பிராக் நகரிலும் தெருக்கள் சிறு சிறு கல் துண்டுகளால் பாவப்பட்டவை. மழை பெய்தால் வழுக்கும், வெயிலில் உள்ளங்காலைக் குத்தும். அர்ச் பேதுரு ஆலயத்தின் கோபுர உச்சிக்கு 551 படிகள். பாரிஸ் ஐபெல் கோபுரத்தின் இரண்டாம் தட்டுக்கு நடந்தே ஏறுவதானால் 674 படிகள். திருப்பதி மலையை நடந்தே ஏறுகிறவர்களுக்கு இது பெரிதல்ல. ஆனால் மலை ஏற்றம் ஒரு நாள் காரியம். மேனாட்டு நடையோ பத்துப் பதினைந்து நாள் தொடர்ந்து நடக்கிற யாகம்.

"மகாத்மா காந்தி 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் செருப்போடுதானே லண்டன் போனார்? நமக்கு மட்டும் பூட்ஸ் எதற்கு?" என்று ஓர் அன்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் காந்தியடிகள் செருப்பின் சாஸ்திரம் அறிந்தவர். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் அவருடைய நண்பர் காலன்பாக் அத்தொழிலைக் கற்று வந்து அவருக்குக் கற்பித்தார். சிறையில் தம் கையாலேயே ஒரு ஜதை செருப்புத் தைத்து, தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அதைப் பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகாலம் அணிந்தார்; அத்தகைய மனிதருடைய ஜோட்டில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று 1939-ல் எழுதினார். 1930-ல் தண்டிக்கு 240 மைல் நடந்த கால்களுக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் கால்களின் சொந்தக்காரர் நன்கறிந்திருந்தார். ஆகவே விவகாரம் செருப்பா பூட்ஸா என்பதல்ல. நம் காலுக்குப் பொருந்தியதா என்பதே.

நம்மவர் காலுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. சிறு வயது முதல் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்தவர்களுக்கு விரல்கள் விசிறிபோல் விரிந்து, முன்பாதம் அகன்றிருக்கும். இது குறையன்று, ஆரோக்கியம். ஆனால் ஜோடு செய்யும் அச்சுகள் பல குறுகலானவை. அகலம் போதாதவர்கள் அளவை ஒன்று கூட்டி வாங்குகிறார்கள்; அப்போது நீளம் மிஞ்சிக் குதிகால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் உண்டாகிறது. நீளத்தைக் கூட்டாமல் அகலமான அச்சில் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு 'டி' என்பது சாதாரண அகலம், '2இ' என்பது அகன்றது. பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகன்றது.

அளவு எண்களும் ஒரு மாயைதான். ஆங்கில முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். இது ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாம்! ஐரோப்பிய முறையில் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஆண்களின் ஆங்கில 7 ஏறக்குறைய ஐரோப்பிய 41, அமெரிக்க 8. எண்ணை நம்பாதீர்கள், காலை நம்புங்கள்.

கடைக்குப் போகும் நேரம் மாலையாக இருக்கட்டும். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், யாத்திரையிலும் அப்படியே. அங்கே அணியப் போகும் காலுறையையே போட்டுக் கொண்டு போங்கள். பலருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவாக இரா. பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுங்கள். உட்கார்ந்தபடி அல்ல, எழுந்து நின்று பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலே எழும்பி வரக்கூடாது. ஜோட்டை வளைத்தால் விரல் மடியும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுத்து விடுங்கள். "போகப் போக இளகிவிடும்" என்பார் கடைக்காரர். இளகுவது பெரும்பாலும் நம் தோலாகத்தான் இருக்கும்.

அடிப்பாகம் பள்ளம் வெட்டிய ரப்பராக இருத்தல் நலம். இத்தாலியரான விட்டாலே பிரமானி 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் 6 தோழர்களைப் பறிகொடுத்தார். மலைக்கேற்ற பாதரட்சை இல்லாததும் அந்த விபத்துக்கு ஒரு காரணம் என்று கண்டு, பற்றுதல் மிகுந்த ரப்பர் அடியை 1937-ல் உருவாக்கினார். இன்று நம் காலடியில் காணும் பள்ளங்களுக்குப் பின்னால் அந்தத் துயரம் இருக்கிறது.

வாங்கியதைப் பெட்டியில் பூட்டாமல், இரண்டு மூன்று வாரம் தினமும் அணிந்து நடந்து பழகுங்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் தரும். மெல்லிய கம்பளியோ செயற்கை நூலோ மேல். ஓரிடத்தில் உறுத்தியவுடனே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். மாலை வரையில் பொறுப்பது வீரமன்று.

"புடவைக்குப் பூட்ஸா?" என்று தாய்மார்கள் நாணுவதுண்டு. பளபளப்பில்லாத கறுப்பு அல்லது பழுப்பு நிற ஜோடு தெருவுக்கும் விருந்துக்கும் கோவிலுக்கும் ஒன்றுபோல் பொருந்தும். புடவையும் ஒன்றும் கோபித்துக் கொள்ளாது. குனிவது சிரமமானவர்களுக்கு எளிதில் கழற்றி மாட்டும் வகை உண்டு. ஜப்பானில் பல ஆலயங்களின் வாசலில் ஜோட்டைக் கழற்ற வேண்டும். அங்கே இந்த வகையின் அருமை தெரியும். மாற்று ஜதை ஒன்று லேசாக இருக்கட்டும். கனமானதை விமானத்தில் அணிந்து செல்லலாம்.

ஒரு சேதியை மட்டும் விளையாட்டின்றிச் சொல்கிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கொப்புளம் உண்டானாலும் வலிக்காது, வலிக்காததால் கவனிக்கப்படாது, கவனிக்கப்படாத புண் காலுக்கே ஆபத்தாக முடியும். அவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். அணியுமுன் ஜோட்டுக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும். இரவில் இரண்டு பாதங்களையும் சோதிக்க வேண்டும். கண் மங்கியவர்களுக்கு மகனோ மகளோ பார்த்துச் சொல்லட்டும். பெற்றோரின் காலைத் தொட்டு வணங்குவதில் இதுவும் சேர்ந்ததே.

கடைசியாக, "சீமைக்குப் போய்ச் சீமை ஜோடே வாங்கிக் கொள்கிறேன்" என்பாருக்கு ஒரு வார்த்தை. நாம் சொந்தக் கம்பெனி போல் பாவிக்கும் பாட்டா, 1894-ல் இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரில் பிறந்தது. பிறகுதான் கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் எழுந்தது. மறுபுறம், நம் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கும் ஜோடுகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. லண்டன் கடையில் விலை கொடுத்து வாங்கும் ஜதை, நம்மை முந்திக்கொண்டு வட ஆற்காட்டிலிருந்து வந்து காத்திருப்பதாகவும் இருக்கலாம். அதை இங்கேயே சாவகாசமாகப் போட்டுப் பார்த்து வாங்குவது பணத்துக்கும் நல்லது, பாதத்துக்கும் நல்லது.

டிக்கெட் வாங்கியாகிவிட்டதா? அப்படியானால் இன்றே கடைக்குப் புறப்படுங்கள். ஆனால் காலையில் வேண்டாம், மாலையில்.