காட்டுப் போரும் காட்டிக்கொடுத்த கதையும்

வண்டியூரில் இருந்து மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை என்று போய்த் திரும்பினால் திருமோகூர். அதிக தூரமில்லை. அங்கே காளமேகப் பெருமாளைக் கும்பிட்டு வருபவர்களில் எத்தனை பேருக்கு 1755-ல் நடந்த கதை தெரியும்?

அந்த வருடம் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு வரி வசூலித்துக் கொடுக்க கர்னல் ஹெரான் என்ற வெள்ளைக்காரர் மதுரைப் பக்கம் படையோடு வந்தார். போகிற போக்கில் கோவில்குடி கோயிலில் புகுந்து சாமி சிலைகளை எடுத்துக்கொண்டார். (அது திருமோகூர்க் கோயில்தான் என்று பலர் அடையாளம் காண்கிறார்கள்.) ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரம். பணம் வரவில்லை. சிலைகளை மூட்டை முடிச்சுகளோடு ஏற்றிக்கொண்டு படை கிளம்பிவிட்டது.

மே மாதம் அந்தப் படை நத்தம் கணவாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் ஒற்றைப் பாதை. ஒரு பாரவண்டி சேற்றில் சிக்கியது. முன்னால் போனவர்கள் அதைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். படை இரண்டாகப் பிரிந்தது. காத்திருந்த கள்ளர்கள் சாமான் வண்டிகள் மேல் பாய்ந்தார்கள். நீளமான ஈட்டிகள், 'சாமி, சாமி' என்ற கூச்சல். சிலைகள் ஊர் திரும்பின. ஹெரானுக்குச் சென்னையில் ராணுவ விசாரணை, வேலை போனது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் கும்பினியின் சொந்த வரலாற்று ஆசிரியர் ராபர்ட் ஓர்ம். வேறு யாராவது எழுதியிருந்தால் 'சும்மா கதை' என்று சொல்லியிருப்பார்கள் :-)

ராஜா இல்லை, கோட்டை இல்லை, சேனாதிபதி பெயர் கூட இல்லை. எதிரியின் பலத்தோடு மோதாமல் அவன் சுமந்து போகும் மூட்டையோடு மோதுவது. இன்று ராணுவக் கல்லூரிகளில் 'ஒழுங்குமுறை சாராத போர்' என்று தனிப்பாடமாக நடத்துவது இதைத்தான். மேடைப் பேச்சாளர்களுக்கோ இது ருசிப்பதில்லை. அவர்களுக்கு வாள் வேண்டும், வசனம் வேண்டும், தூக்குமேடை வேண்டும், கடைசியில் ஒரு துரோகி வேண்டும். ஆள் நன்றாகச் சண்டை போட்டார், எவனோ காட்டிக்கொடுத்தான், தோற்றோம். எல்லாப் பாளையக்காரர் கதையும் இந்த ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. சோம்பேறித்தனமான விளக்கம் இது.

யூசுப் கானை எடுத்துக்கொள்ளலாம், மருதநாயகம் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது கும்பினிக்காக வெளியில் இருந்து அவர்களுடைய உணவு வழிகளை வெட்டி வெட்டித் தொந்தரவு கொடுத்தவர் அவர். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அதே ஆள் 1763-ல் கும்பினியை எதிர்த்தபோது மதுரைக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் முற்றுகையைச் சமாளித்தார். அடுத்த வருடம் உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டே வந்தது. கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. துரோகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் துரோகத்தைச் செய்ய வைத்ததில் பாதி வேலை பசியுடையது. வெளியில் இருந்தபோது எதை வைத்து ஜெயித்தாரோ, உள்ளே போனதும் அதையே எதிரி கையில் கொடுத்துவிட்டார்.

இதைவிடப் பெரிய பாடம் 1801. மருது சகோதரர்கள் சிறுவயலைத் தாங்களே கொளுத்திவிட்டுக் காளையார்கோயில் காட்டுக்குள் போனார்கள். கர்னல் அக்னியூவின் படை சிறுவயலில் இருந்து காட்டை வெட்டிச் சாலை போட ஆரம்பித்தது. ஒரு மாதத்துக்கு மேல் வெட்டினார்கள். பகலில் வெட்டுவதும், மறைந்திருந்து வரும் தாக்குதலில் ஆட்களை இழப்பதும்தான் நடந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையையே கைவிட்டார்கள். ராணுவ ரீதியில் பார்த்தால் காடு ஜெயித்துவிட்டது.

அப்புறம் என்ன ஆச்சு? கும்பினி கோடாரியைக் கீழே வைத்துவிட்டுக் கிரீடத்தைக் கையில் எடுத்தது. செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் கௌரி வல்லப பெரிய உடையத்தேவரைச் சிவகங்கைக்கு உரிமையாளராக அறிவித்தது. மருதுகள் பிறப்பால் அரச வம்சம் இல்லை, அந்த ஓட்டை பார்த்து அடித்த அடி. ஆதரித்தவர்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் சாய்ந்தது. அக்டோபர் 1 அன்று பல பக்கங்களில் இருந்தும் நுழைந்து காளையார்கோயிலைப் பிடித்தார்கள். 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கு. பிறகு சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்படப் பலரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். டிசம்பரில் ஆயுதம் வைத்திருக்கத் தடை.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது, வியூகம் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்ட முடியுமா? காட்டிக்கொடுப்பவனைத் தயார் செய்வதே எதிரியின் போர்முறை. அதை 'விதி', 'நம் இனத்தின் சாபக்கேடு' என்று புலம்புவது எதிரியின் திட்டத்துக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் வேலை.

கொரில்லா என்றாலே ஏழையின் ஆயுதம், அது கடைசியில் ஜெயித்தே தீரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். வியட்நாம், கியூபா என்று இரண்டு பெயர் சொல்வார்கள். மலாயாவைச் சொல்ல மாட்டார்கள். அங்கே ஐந்து லட்சம் பேரைக் காட்டோரத்தில் இருந்து கிளப்பி வேலி போட்ட 'புதுக் கிராமங்களில்' அடைத்துத்தான் பிரிட்டிஷார் கிளர்ச்சியை ஒடுக்கினார்கள். 1967-ல் இருந்து மிசோரத்தில் இந்திய அரசும் அதே மாதிரி ஊர்களைக் கூண்டோடு இடம் மாற்றியது. ஈழத்தில் காட்டுச் சண்டையில் தொடங்கிய புலிகள் நிலம் பிடித்து, எல்லை காத்து, மரபு ராணுவமாக மாறினார்கள். 2004-ல் கிழக்கே கருணா பிரிந்தார். இலங்கை ராணுவமோ சிறுசிறு குழுக்களாகக் காட்டுக்குள் ஊடுருவக் கற்றுக்கொண்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில், ஒதுங்க இடமில்லாத ஒரு துண்டுக் கடற்கரையில் சனங்களோடு சேர்ந்து எல்லாம் முடிந்தது. சோழபுரத்தையும் மதுரைக் கோட்டையையும் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இதில் பழகிய வாடை அடிக்கும்.

அமெரிக்க ராணுவக் கொள்கை ஏடுகள் இவ்வகைப் போரை மக்களின் ஆதரவுக்கும் அங்கீகாரத்துக்குமான போட்டி என்று வரையறுத்திருந்தன. கேட்க அழகாக இருக்கிறது. 1896-ல் கால்வெல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 'சின்னப் போர்கள்' பற்றி எழுதிய கையேட்டில் ஒளிவுமறைவு இல்லை: எதிரி கையில் சிக்காவிட்டால் அவன் மாட்டைப் பிடி, பயிரை அழி. இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிவைக்கின்றன. போராளி ஒளிந்திருக்கும் ஊரை, அவனுக்குச் சோறு போடும் வீட்டை.

அதனால் இந்தப் போரில் ஜெயித்தது யார் என்ற கணக்கைத் தூக்குமேடையோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு சித்திரையிலும் அழகர் கள்ளர் வேடத்தில், கையில் வளைதடியோடு மதுரைக்கு வருகிறார், வண்டியூர் வரை வந்து திரும்புகிறார். லட்சம் பேர் கும்பிடுகிறார்கள். அதே கள்ளர் என்ற பெயரைக் கும்பினி ஏடுகள் 'திருடர்' என்றே மொழிபெயர்த்து வைத்தன. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த மொழிபெயர்ப்பு சட்டமாகவே வந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். நத்தத்தில் சிலையை மீட்டவர்கள் வேறு நாட்டுக்காரர்கள், இவர்கள் வேறு. சர்க்காருக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கைரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல்.