இலவசக் கோழித்தோலும் நாயின் கணையமும்

கண்டமங்கலம் பக்கத்துக் கறிக்கோழிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் ஒரு பேச்சு காதில் விழும்: "நாய்க்குக் கொஞ்சம் தோல் போடுங்கண்ணே." கடைக்காரரும் தோல், தலை, கால் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளித் தருவார். காசு வாங்கமாட்டார்.

தோலுரித்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 3 கிராம் கொழுப்பு. அதே எடைத் தோலில் 30 கிராமுக்கு மேல். பெரும்பாலான நாய்கள் இதையும் தின்று செரித்துவிடுகின்றன. சில நாய்களுக்கு மட்டும் கணையம் வீங்கிவிடும். குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கத் தொடங்கும். நாய் ஓயாமல் வாந்தி எடுக்கும், சோற்றை முகர்ந்துவிட்டு விலகும். முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். வயிற்று வலிக்கு அது கண்டுபிடிக்கும் நிலை இது. வீட்டில் குடற்பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு நாள் வீணாகும்.

வாந்தி நிற்கும்வரை பட்டினி போடுவதுதான் முன்பெல்லாம் வழக்கம். இப்போது மருத்துவர்கள் வாந்தியை மருந்தால் அடக்கிவிட்டு, சீக்கிரமே கொழுப்பில்லாத தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். குழைய வடித்த சோறு, வெறும் தண்ணீரில் வேகவைத்த தோலில்லாத நெஞ்சுக்கறி. எண்ணெய், மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது. ஒரே தட்டாக வைக்காமல் நாலைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் இதையே போட்டால் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் குறையும் என்பதால், அதற்கும் மருத்துவரிடம் வழி கேட்க வேண்டும்.

இன்னொரு கணைய நோய் நேர்மாறானது. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கு அதிகம் வருவது. கணையத்தில் நொதியே சுரக்காது. நாய் பேயாய்த் தின்னும், ஆனாலும் எலும்பும் தோலுமாகும். வெளிறிய, எண்ணெய்ப் பசையுள்ள மலம் குவியலாகப் போகும். வீட்டார் சரியாகத் தீனி போடுவதில்லை என்று தெருவே பேசும். பாவம், அவர்களோ இரண்டு மடங்கு சோறு வடிக்கிறார்கள்.

இதற்கான வைத்தியத்துக்கு நூறு வருடப் பழைய சாட்சி உண்டு. 1921-இல் டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்துத்தான், கணையத்தில் சுரக்கும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு அங்கே கணையம் நீக்கப்பட்ட நாய்களை இன்சுலின் ஊசியால் மட்டும் காப்பாற்றப் பார்த்தபோது, ஈரலில் கொழுப்பு படிந்து அவை இறந்தன. தீனியில் பச்சைக் கணையத்தைச் சேர்த்ததும் பிழைத்தன. இன்றும் நொதி சுரக்காத நாய்க்கு ஒவ்வொரு வேளைத் தீனியிலும் நொதிப் பொடி கலக்க வேண்டும். பொடி கிடைக்காவிட்டால் ஆரோக்கியமான மாட்டின் பச்சைக் கணையத்தை நறுக்கிக் கலக்கலாம்: 20 கிலோ நாய்க்கு வேளைக்குச் சுமார் 100 கிராம். உறையவைத்துச் சேமிக்கலாம், வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். பல நாய்களுக்கு பி12 ஊசியும் தேவைப்படும். ஆனால் இறைச்சிக் கடையில் கணையம் கேட்டால் பெரும்பாலும் மண்ணீரலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். மண்ணீரலால் பயனில்லை.

இந்த இரண்டு நோயிலும் பாதி வைத்தியம் சமையலறையில் நடக்கிறது. மருந்துச் சீட்டிலோ தீனிக்கு ஒரு வரிதான்: கொழுப்பு குறைந்த உணவு. பெருநகரத்தில் அதற்கென்று டப்பா உணவு வாங்கிவிடுவார்கள். கிராமத்தில் அது கட்டுப்படியாகாது, கிடைப்பதும் அரிது. ரேஷன் அரிசியில் எவ்வளவு, கறி எவ்வளவு, முட்டையில் மஞ்சள் கரு கொடுக்கலாமா, தயிரின் ஆடையை எடுக்க வேண்டுமா என்று யார் சொல்வது? சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கண்டமங்கலத்துக்கு அருகிலேயே, புதுச்சேரி குரும்பாப்பேட்டில் இன்னொன்று. இவர்கள் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு பக்கத் தீனிச் சீட்டைத் தமிழில் அச்சடித்து, கால்நடை மருந்தகங்களுக்கு அனுப்பினால் என்ன? மாடு, ஆடு என்று வரிசை நிற்கும் இடத்தில் மருத்துவருக்கு விளக்க நேரமிருக்காது. சீட்டை நீட்ட ஒரு நிமிடம் போதும். மீன் வறுத்த எண்ணெயைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வைக்கக் கூடாது என்பது அதன் முதல் வரியாகவே, கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.