ஞானிகளின் விண்மீனும் செங்கோட்டை மகளின் விண்கலமும்



2024 ஜனவரி 6. திருச்சபை மரபில் அது மூன்று ராஜாக்கள் திருநாள். மறுநாள் ஞாயிறன்று நம் ஆலயங்களில் ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழாவைக் கொண்டாடினோம். அந்தச் சனிக்கிழமை மாலையில்தான் இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தனக்குக் குறிக்கப்பட்ட இடத்தைச் சென்று சேர்ந்தது. நாள் பொருத்தம் தற்செயலானது. அதில் சகுனம் தேட வேண்டியதில்லை. ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்துப் புறப்பட்ட ஞானிகளின் வழிவந்த திருவிழாவைக் கொண்டாடும் நாம், இன்று வானத்தைப் பார்ப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறோம்?

இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகார் ஷாஜி. செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்து, அங்குள்ள அரசு பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். செங்கோட்டை நமக்கு எட்டாத ஊரா? திருவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ பொதிகை ரயில் ஏறினால், அது போய் நிற்கும் கடைசி ஊர் அதுதானே!

சூரியனைக் காவல் காப்பது எதற்கு?

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இக்கலம் ஏழு கருவிகளைச் சுமந்து சென்றது. பூமியும் சூரியனும் இழுக்கும் ஈர்ப்பு ஒன்றோடொன்று ஈடுகொடுத்து நிற்கும் இடம் எல்-1. அங்கிருந்து பார்த்தால் சூரியனைப் பூமியோ நிலவோ மறைப்பதில்லை. இரவு பகல் என்ற பேச்சுக்கும் இடமில்லை. எதிரே வரும் லாரியின் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு சாலையைப் பார்ப்போம் அல்லவா? அதுபோல அதன் முதன்மைக் கருவி சூரியனின் வட்டத்தை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள ஒளிவளையத்தைப் படம் பிடிக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதற்கு வெளியே உள்ள வளையமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்! அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுவது எப்படி என்ற கேள்விக்கு அறிவியலாரிடம் இன்னும் முழுமையான விடை இல்லை.

இது வெறும் ஆர்வத்துக்கான வேலையும் அல்ல. சூரியனிலிருந்து சில நேரங்களில் மின்னேற்றத் துகள்கள் புயலாகக் கிளம்புகின்றன. 1989 மார்ச்சில் அப்படி ஒரு புயலால் கனடாவின் கியூபெக் மாநிலமே மின்சாரமின்றி இருளில் மூழ்கியது. 2024 மே மாதம் வீசிய புயல் இருபது ஆண்டுகளில் கண்டிராத அளவுக்குக் கடுமையானது. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்ததைக் கேமராக்கள் பதிவு செய்தன. தொலைக்காட்சி, கைப்பேசி காட்டும் வழி, கடலுக்குப் போகும் மீனவருக்கான வானிலைச் செய்தி எனப் பலவும் செயற்கைக்கோள்களை நம்பியே இருக்கின்றன. எல்-1 பகுதியில் நிற்கும் கலங்களைத் தாண்டித்தான் அந்தப் புயல் நம்மை வந்தடையும். ஆக, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். மில்லில் வேலைக்கு முன் ஊதும் சங்கைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் தேவையா, சாமி?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஏவும் செலவு நீங்கலாக இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 378 கோடி ரூபாய். 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு மூன்று ரூபாய்கூட வராது. வறுமை ஒழியாததற்கு இந்த மூன்று ரூபாயைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் உண்மையான காரணங்கள் நம் வீட்டுக்கு இன்னும் அருகில் இருக்கின்றன.

விசுவாசத்துக்கு எதிரியா?

விண்ணை ஆராய்வது கடவுளைச் சோதிப்பதாகுமா? இல்லை. படைப்புக்குக் கடவுள் தந்த ஒழுங்கை அதற்குரிய முறையில் ஆராய்வது முறையானதே என இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கற்பித்தது. 19-ஆம் நூற்றாண்டில் சூரியனை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஆஞ்சலோ செக்கி என்ற இயேசு சபைக் குரு. 2006-இல் நாசா அனுப்பிய ஸ்டீரியோ விண்கலங்களின் கருவித் தொகுதி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் புதுப்பித்த வத்திக்கான் வானாய்வகமும் இன்றுவரை தொடர்ந்து இயங்குகிறது. நாமோ கிரகணத்தன்று சமைத்த சோற்றைக் கொட்டுகிறோம், கர்ப்பிணிப் பெண்களைப் பூட்டிய அறைக்குள் வைக்கிறோம், ஞாயிறு திருப்பலி முடித்துத் திங்களன்று இரகசியமாக ஜாதகமும் பார்க்கிறோம். எது விசுவாசத்துக்கு எதிரானது?

மத்தேயு நற்செய்தியில் ஒரு செய்தி என் மனத்தை அடிக்கடி உறுத்தும். மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோதின் அரண்மனையில் கூடிய மறைநூல் அறிஞர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. ஊரின் பெயரைக்கூடச் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் பெத்லகேமுக்கு நடக்கவில்லை. வேற்றினத்தாராகிய ஞானிகள்தாம் நடந்தார்கள். தெரிந்து வைத்திருந்தும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதுதான் நம் நோயும்.

நம் பிள்ளைகளின் விண்மீன்

சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். மகளை மில் விடுதியில் சேர்க்க ஒரு கடிதம் வேண்டும் என்றார். அந்தப் பிள்ளை இயற்பியலில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். "படிச்சு என்ன சாமி ஆகப்போகுது? மில்லுக்குப் போனா கல்யாணத்துக்காவது காசு சேரும்" என்றார் தாய். பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கல்லூரிக்கு என்ன செலவாகும், என்ன உதவி கிடைக்கும் என்று நானும் கேட்கவில்லை.

செங்கோட்டை மகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த அன்று எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெத்லகேமுக்கு வழி சொல்லிவிட்டு எருசலேமிலேயே உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

மில்லில் உழைப்பது இழிவல்ல. இராஜபாளையத்தையும் சத்திரப்பட்டியையும் வாழவைத்தது நூலும் துணியும்தான். ஆனால் பதினேழு வயதில் ஒரு பெண்ணுக்கு அது ஒன்றே வழி என்று நாம் முடிவு கட்டுவது அநீதி. நிகார் ஷாஜிக்கும் யாரோ ஒருவர் அப்படிக் கதவைச் சாத்தியிருந்தால்?

இதற்கு நம்மால் என்ன செய்ய முடியும்? பிளஸ் டூ முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அன்பிய பொறுப்பாளர்கள் தேர்வு முடிவுக்கு முன்பே சந்திக்கலாம். கல்விக் கடன், உதவித்தொகை, தமிழக அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் போன்றவற்றைப் படித்த இளையோர் விசாரித்துச் சொல்லலாம். கோயில் திருவிழாவில் ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவை ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணமாக மாற்றலாம். இனி மில்லுக்குக் கடிதம் கேட்டு வருவோரிடம் முதலில் மதிப்பெண் பட்டியலைக் காட்டச் சொல்வது என்று நானும் முடிவெடுத்திருக்கிறேன்.

ஞானிகள் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்து குழந்தையின் முன் வைத்தார்கள். நம் வீட்டுக் குழந்தைகளின் முன் நாம் வைக்கும் காணிக்கை என்ன? அவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது தலையைப் பிடித்துக் குனிய வைக்காமலிருக்கும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக.